ஓட்டியவர் ஒருவர், அபராதம் இன்னொருவருக்கா?

"ஓட்டினது நான் இல்லை, சார்!"

சில மாதங்களுக்கு முன்பு பெங்களூர் நகரின் ஒரு சிக்னலில் நின்றுகொண்டு நான் சொன்ன வார்த்தை இது. காலை டியூட்டி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். தலையில் ஹெல்மெட் இருந்தது. பையில் லைசென்சு, இன்சூரன்சு எல்லாம் இருந்தன. போக்குவரத்து போலீஸ்காரர் கை காட்டினார். தைரியமாகத்தான் நிறுத்தினேன்.

அவர் என் காகிதங்களைக் கேட்கவில்லை. கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழு கேஸ் பாக்கி இருக்கு. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படங்களைக் காட்டினார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். வண்டி என்னுடையது. ஆனால் மேலே உட்கார்ந்திருந்தது என் மச்சான், என் மனைவியின் தம்பி. ஏழு படங்களிலும் அவன் தலையில் ஹெல்மெட் இல்லை. இரண்டில் பின்னால் ஒரு நண்பன் வேறு; அவன் தலையிலும் இல்லை.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். போலீஸ்காரர் கோபப்படவில்லை. பாதி கன்னடம், பாதி தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி யாருது?"

"என்னுதுதான்."

"அப்புறம்?"

அந்த "அப்புற"த்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அதை யோசித்து வருகிறேன். நம்மவர்கள் பலருக்கும் இது நடந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

மறுக்க முடியாத சாவி

மச்சான் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்தவன். பீனியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். ஆறு நாள் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் "மாமா, சாவி" என்று கை நீட்டுவான். எப்படி மறுப்பது? "அவ்வளவு தூரம் வந்து நம்மை நம்பி இருக்கிறான், ஒரு வண்டி கொடுக்க மனசு வரவில்லையா?" என்று அடுப்படியிலிருந்து கேள்வி வரும். பெண் கொடுத்த வீட்டில் பேச்சு எழும்.

நம் வீடுகளில் மோட்டார் சைக்கிள் என்பது ஒரு ஆளின் சொத்து அல்ல. அண்ணன் வாங்கியது, தம்பி ஓட்டுவான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவசரம் என்றால் அவரும் எடுப்பார். பிரசவத்துக்கும் அது ஓடும், துக்கத்துக்கும் அது ஓடும். ஊரை விட்டு வந்து ஒண்டிக் குடித்தனம் நடத்தும் நமக்குள் இந்த ஒத்தாசை இல்லாவிட்டால் பெங்களூரில் காலம் தள்ள முடியாது. இதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நகரம் மாறிவிட்டது. முன்பெல்லாம் சிக்னலில் ஆள் நின்றால்தான் கேஸ். மறித்து நிறுத்துவார்கள். ஓட்டியவன் கையில் காசு வாங்குவார்கள், அல்லது அவன் பெயரில் ரசீது எழுதுவார்கள். தவறு செய்தவனும் பணம் கட்டியவனும் ஒரே ஆள். 2022 டிசம்பரில் பெங்களூரில் 50 சந்திப்புகளில் புதிய கேமரா ஏற்பாடு தொடங்கி வைக்கப்பட்டது. கேமராவுக்கு மச்சானையும் தெரியாது, மாமாவையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது நம்பர் பிளேட் ஒன்றுதான். அந்த நம்பருக்கு யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர் பெயரில் கேஸ் ஏறிவிடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

"யாரோ செய்த குற்றத்துக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?" இது நியாயமான கேள்விதான். சட்டமும் அதை அடியோடு மறுக்கவில்லை. ஹெல்மெட் இல்லாமல் போவது, சிக்னலை மீறுவது போன்றவற்றுக்குத் தண்டனை ஓட்டுபவருக்குத்தான்.

ஆனால் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 133-வது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு வண்டியை ஓட்டியவர் மீது குற்றச்சாட்டு வந்து, அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், விலாசம், லைசென்சு விவரங்களை வண்டிச் சொந்தக்காரர் சொல்லியாக வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று கையை விரித்தால் போதாது. முயற்சி செய்து விசாரித்தால் தெரிந்துகொள்ளக் கூடியதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 187-வது பிரிவின்படி அது தனிக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய 1939-ம் ஆண்டுச் சட்டத்திலும் சொந்தக்காரருக்கு இந்தக் கடமை இருந்தது. கேமரா வந்த பிறகு முளைத்த புதுச் சட்டம் அல்ல இது.

ஆக, நமக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். ஓட்டியவர் இன்னார் என்று சொல்வது ஒன்று. பேசாமல் பணத்தைக் கட்டுவது மற்றொன்று. ஓட்டியதும் நான் இல்லை, ஓட்டியவன் பெயரையும் சொல்ல மாட்டேன் என்ற மூன்றாவது வழி கிடையாது.

இது அநியாயமா? என் அனுபவத்தில் இல்லை. ரெயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்காரும் எங்களுக்கு இது பழகிய விஷயம். டியூட்டி ஏற்றுக் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் பொறுப்பு. டீ குடிக்கப் போகும்போது நண்பரை உட்கார வைத்துவிட்டுப் போய், மாலையில் கணக்கில் ஐந்நூறு குறைந்தால், "அந்த நேரம் நான் இல்லை" என்று சொல்ல முடியுமா? என் கணக்கில்தான் எழுதுவார்கள். நண்பரிடம் வாங்குவது என் பாடு. முறையாகச் சார்ஜ் ஒப்படைத்து, புத்தகத்தில் எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே பொறுப்பு அவருக்குப் போகும்.

வண்டிச் சாவியைத் தரும்போது நாம் எந்தப் புத்தகத்தில் எழுதுகிறோம்? யாரிடம் கையெழுத்து வாங்குகிறோம்?

பெயர் மாற்றிச் சொன்னால்?

சிலர் இன்னொரு குறுக்கு வழி சொல்வார்கள். யாராவது ஒருவர் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்பார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை போதும்.

2003-ம் ஆண்டு கிறிஸ் ஹூன் என்ற அரசியல்வாதியின் கார் வேகக் கேமராவில் சிக்கியது. அங்கும் சொந்தக்காரர் ஓட்டியவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஓட்டியது தானே என்று அவர் மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். விஷயம் அமுங்கிப் போனது. ஹூன் மந்திரியும் ஆனார். பிறகு கணவன் மனைவி பிரிந்தார்கள், உண்மை வெளியே வந்தது. 2012-ல் மந்திரி பதவி போயிற்று. 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதம் சிறைத் தண்டனை. வேகமாக ஓட்டியதற்காக அல்ல, நீதியின் போக்கைத் திருப்பப் பொய் சொன்னதற்காக! சில்லறை அபராதத்தோடு முடிய வேண்டியது மந்திரி பதவியையும் மானத்தையும் கொண்டுபோயிற்று.

நமக்கு மந்திரி பதவி இல்லை. ஆனால் வேலை இருக்கிறது. பொய் சொல்லி வேலைக்கு உலை வைத்துக்கொள்ளக் கூடாது.

கொடுப்பதே குற்றம் ஆகும் இடங்கள்

இதுவரை சொன்னது, ஓட்டியவர் செய்த தவறு. சாவி கொடுத்ததே தவறாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. இதைத்தான் நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லைசென்சு இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால், ஓட்டியவருக்கு ஒரு கேஸ், கொடுத்தவருக்கு ஒரு கேஸ். 5-வது பிரிவு அப்படிக் கொடுப்பதைத் தடுக்கிறது. 180-வது பிரிவில் தண்டனை இருக்கிறது: மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். அவர் யாரையாவது மோதிவிட்டால் இன்னும் மோசம். அடிபட்டவருக்கு இன்சூரன்சு கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட்டு உத்தரவிட முடியும். லட்சக்கணக்கில் வரும் தொகை அது. ஒரு குமாஸ்தாவின் ஆயுள் சேமிப்பு அதோடு போய்விடும்.

இன்சூரன்சு இல்லாத வண்டியை ஓட்டுவதும் குற்றம், ஓட்டவிடுவதும் குற்றம்.

பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் கொடுத்தால்? 2019 திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு வந்தது. பிள்ளை செய்த குற்றத்துக்குப் பெற்றவர் அல்லது வண்டிக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்சு கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்று நிரூபித்தால்தான் விடுதலை. "பையன் தெருமுனைக் கடைக்குத்தானே போகிறான்" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும்.

விற்ற பிறகும் விடாது

ஓசூரிலும் பெங்களூரிலும் பழைய வண்டி வாங்கி விற்பது நம்மவர்கள் நடுவில் சாதாரணம். பணம் கை மாறும், சாவி கை மாறும், ஆர்.சி. புத்தகமும் கை மாறும். பெயர் மட்டும் மாறாது! "புரோக்கர் பார்த்துக்கொள்வார்" என்று வந்துவிடுவோம்.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவர் தன் காரை 2007-ல் விற்றுவிட்டார். அது அடுத்தடுத்துப் பல கை மாறியது. 2009-ல் விபத்து நடந்து ஒரு உயிர் போயிற்று. பெயர் மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. கடைசியாக வாங்கியவர்தான் பொறுப்பு என்று அவர் வாதாடினார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈடு அவரைச் சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. அடிபட்டவர் குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே அதில் உள்ள நியாயம்.

ஆகவே விற்றால் ஒரே மாநிலத்துக்குள் 14 நாளில், வேறு மாநிலத்துக்கு என்றால் 45 நாளில், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட வேண்டும். படிவம் 29-ல் ஒரு நகலை முத்திரையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் சார்ஜ் ஒப்படைத்த புத்தகம்.

டிரைவர் தலையில் கட்டலாமா?

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் பேசியதாகாது.

கலாசிபாளையத்திலும் சிட்டி மார்க்கெட்டிலும் சரக்கு டெம்போ ஓட்டும் நம் ஆட்கள் எத்தனை பேர்! வண்டி முதலாளியுடையது. "பத்து மணிக்குள் சரக்கு போய்ச் சேரணும்" என்று உத்தரவு. நோ என்ட்ரி நேரம், நெரிசல் எதுவும் முதலாளி காதில் விழாது. அடித்துப் பிடித்துக்கொண்டு போனால் கேமராவில் விழும். மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொன்னவர் அவர். இன்சூரன்சு புதுப்பிக்காமல் விட்டவரும் அவர். அந்த அபராதமும் டிரைவர் சம்பளத்தில்!

இங்கே சட்டம் டிரைவர் பக்கமும் கொஞ்சம் பார்க்கிறது. அதிக பாரத்துக்கான பிரிவு ஓட்டியவரை மட்டும் அல்ல, அப்படி ஓட்டச் சொன்னவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. வேகத்துக்கான 183-வது பிரிவில், ரெயில்வேக்காரனான எனக்கு மிகவும் பிடித்த ஒரு வாசகம் இருக்கிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கும்படி ஒருவர் கால அட்டவணை போட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, அதுவே அவர் குற்றம் செய்ததற்கு முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும். முடியாத நேரத்தை விதித்தவனும் குற்றவாளி என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இதை வைத்து எந்த டிரைவர் முதலாளியிடம் வாதாட முடிகிறது? மறுநாள் வேலை இருக்காது.

வீட்டு வாசலில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர்கள் கதையும் இதுதான். பலர் ஓட்டுவது நண்பன் வண்டி, அல்லது வாடகை வண்டி. நிமிஷக் கணக்கு பார்ப்பது கம்பெனி. அபராதம் வருவதோ வண்டி கொடுத்தவனுக்கு. சிக்னலில் அவனைப் பிடிக்கும் கை, அவனை விரட்டும் கையையும் ஒரு நாள் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சர்க்கார் செய்ய வேண்டியது

சொந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டும் என்றால், அவருக்கு உடனே தெரிய வேண்டும். கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீசு அனுப்ப வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையின் தவறு எனக்கு உடனே தெரிந்திருந்தால், மற்ற ஆறு நடந்திருக்காது.

இதில் என் தவறும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஆர்.சி.யில் இருந்தது என் பழைய போன் நம்பர். நம்பரை மாற்றியபோது அதை மாற்றவில்லை. நம்மில் பலர் நிலைமை இதுதான். சிலருக்குப் புரோக்கர் நம்பர் பதிவாகியிருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு வண்டிக்காரர்களுக்கு ஊர் விலாசம்தான் இருக்கும். தர்மபுரியில் பூட்டிய வீட்டுக்கு நோட்டீசு போனால் யார் படிப்பது? விவரத்தைத் திருத்திக்கொள்ள வார்டுக்கு வார்டு முகாம் நடத்தலாமே! "ஓட்டியது இன்னார்" என்று சொல்ல வருபவரை அலைய விடாமல் ஒரே படிவத்தில் எழுதி வாங்கவும் ஏற்பாடு வேண்டும். உண்மை சொல்ல வருபவர் இரண்டு நாள் சம்பளத்தை இழந்தால், அடுத்த முறை பேசாமல் பணத்தைக் கட்டிவிடுவார். தவறு செய்தவர் சிரித்துக்கொண்டே போவார்.

இன்னொன்று, பாதித் தள்ளுபடி. 2023 பிப்ரவரி 3 முதல் 11 வரை பழைய அபராதத்தில் பாதி கட்டினால் போதும் என்றார்கள். பெங்களூரில் மட்டும் 120 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025-லும் அதே சலுகை வந்தது. பாக்கி கரைந்தது உண்மை. ஆனால் நோட்டீசு வந்த மறுநாளே முழுத் தொகை கட்டியவன் ஏமாளி ஆகிவிட்டானே! பொறுத்திருந்தால் பாதி என்று ஜனங்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 2024-ல் 50,000 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருந்த வண்டிகளைப் போலீசார் கணக்கெடுத்தபோது இரண்டாயிரத்துக்கு மேல் தேறியது. அடிக்கடி தள்ளுபடி தருவதைவிட, முதல் தவறை உடனே சொல்வது மேல்.

வீட்டில் நடந்தது

அன்று இரவு படங்களை மச்சானிடம் காட்டினேன். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன். அவன் தலை குனிந்து, "மாமா, ஹெல்மெட் உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கு. அது நீங்க டியூட்டிக்குப் போட்டுட்டுப் போறது. நான் கேக்கவே இல்ல" என்றான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி என்றால் நான் ரெயிலில் போவேன். ஹெல்மெட் பீரோ மேல்தான் இருக்கும். ஆனால் எடுத்துப் போட்டுக்கொள் என்று நானும் சொன்னதில்லை. சாவியைக் கொடுத்தேன், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னேன், அதோடு சரி.

அவன் இரண்டாயிரம் கொடுத்தான். மீதி நான் போட்டேன். அக்காவுக்குத் தம்பி பணம் கொடுத்ததில் வருத்தம்தான். இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. ஆனால் பணம் முழுவதையும் நானே கட்டியிருந்தால் அவன் எட்டாவது முறையும் அப்படியே போயிருப்பான். முழுவதையும் அவனிடம் வாங்கியிருந்தால், போலீஸ்காரரின் "அப்புறம்?" என்ற கேள்விக்கு என் பங்கு பதில் கிடைத்திருக்காது.

இப்போது வீட்டில் இரண்டு ஹெல்மெட். சாவி ஒரு ஹெல்மெட்டுக்குள்தான் கிடக்கிறது. காலண்டரில் யார் எந்த நாள் எடுத்தார்கள் என்று மச்சானே எழுதி வைக்கிறான். மாதம் ஒரு முறை வண்டி எண்ணைப் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆர்.சி.யில் போன் நம்பரும் மாறிவிட்டது.

வண்டி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்து வாங்கித்தான் நாம் இந்த ஊரில் வாழ்ந்தோம், இனியும் வாழ்வோம். கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: லைசென்சு இருக்கிறதா? ஹெல்மெட் எங்கே? யார் ஓட்டப்போகிறீர்கள்? கேட்டால் சொந்தம் கோபித்துக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். அந்தக் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். கேட்காமல் கொடுத்து ஒரு விபத்து நடந்துவிட்டால், கோர்ட்டு வாசலில் நிற்கப்போவது அந்தச் சொந்தமும் நீங்களும் சேர்ந்துதான்.